வெள்ளம் வடிந்த பின் கிணறு: ஒழுங்கை கூடிச் செய்ய வேண்டிய வேலை

வன்னியில் வெள்ளம் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். கிணற்றுக்குள் போனது அப்படி வடியாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீரில் கிடந்தபோதும் சரி, 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் சரி, பாய், உலர் உணவு, சட்டி பானை எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தன. கிணறு இறைக்க வெளியிலிருந்து ஆள் வர நாளெடுக்கும். பிரதேச சபையிடம் இருக்கும் தண்ணீர் பவுசரையும் நீர் இறைக்கிற மிசினையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வளவுக்கு ஒன்றாய் இருக்கிற கிணறுகளை எண்ண முடியாது. ஆகவே இது அயலவர்களே செய்கிற வேலை, எப்போதும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. நடக்கிற விதத்தில்தான் பிழை இருக்கிறது.

பெரும்பாலும் மிசின் வைத்திருப்பவர் தன் கிணற்றை முதலில் இறைத்து, குளோரின் பவுடர் போட்டு முடித்துவிடுவார். அடுத்த வளவுக்காரர் மூன்று நாள் கழித்து மிசினை இரவல் வாங்குவார். கடைசி வளவில் தனியாக இருக்கிற அம்மாச்சி ஒருவரையும் கேட்கமாட்டார். அந்தக் கிணறு தை மாதம் வரை அப்படியே கிடக்கும். முதலாமவர் தன் கிணறு சுத்தம் என்று நம்பிக் குடிப்பார். ஆனால் வன்னியின் பெரும்பகுதியில் அடியில் கருங்கல், அதற்கு மேலே உக்கிப்போன கல்லும் மண்ணுமாய் ஒரு படை. நம்முடைய கிணறுகள் அந்தப் படையில் ஊறுகிற தண்ணீரைத்தான் எடுக்கின்றன. மாரியில் நிலத்தடி நீர் தரைக்குக் கிட்ட வந்துவிடும். அந்த நேரம் வேலிக்கு அப்பால் இருக்கிற மலசலகூடக் குழியும் வேலிக்கு இப்பால் இருக்கிற கிணறும் ஒரே ஈரத்துக்குள் நிற்கின்றன. ஒரு கிணற்றை மட்டும் ஓங்கி இறைத்தால் சுற்றியுள்ள அழுக்குத் தண்ணீர் அதை நோக்கியே ஊறி வரும். எனவே வேலையை வீட்டுக் கணக்கில் பார்க்காமல் ஒழுங்கைக் கணக்கில் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வளவு சேர்ந்த ஒரு ஒழுங்கை என்றால் ஒரு மிசின், எட்டுப் பேர், ஐந்தாறு நாளில் முடிக்கலாம்.

தொடங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். வளவில் தண்ணீர் நிற்கும் மட்டும் கிணற்றை வெறுமையாக்கக் கூடாது. வெளியே மண் ஊறிப்போய் சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கிற தண்ணீர்தான் அந்தத் தள்ளலைத் தாங்குகிறது. அதை ஒரேயடியாக எடுத்தால் கொங்கிறீற் வளையம் விலகும், கல்லால் கட்டிய சுவர் வயிறு தள்ளும், பழைய சுவர் இடிந்தே விழும். கிணற்று நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கத் தொடங்கிய பிறகு மிசினை வைப்பதே பாதுகாப்பு. அதுவரை ஒழுங்கையில் எந்தக் கிணற்றின் கட்டைத் தாண்டி வெள்ளம் போகவில்லையோ, அதை எல்லோருக்குமான குடிநீர்க் கிணறாக வைத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் பருத்திச் சேலையை நாலாக மடித்து வடித்து, ஒரு நிமிடம் குமிழியெழத் தளதளவென்று கொதிக்க விட்டால் போதும். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது கலங்கலைத்தான் அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பிவிடக் கூடாது.

இந்தக் காத்திருக்கிற நாட்களில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. ஒரு கொப்பி, ஒரு நீளக் கயிறு, ஒரு கல் போதும். கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கி எடுத்தால், நனைந்த பகுதி தண்ணீரின் ஆழம், மொத்த நீளம் கிணற்றின் ஆழம். வாயகலத்தையும் அளந்துகொள்ள வேண்டும். வெள்ளம் கட்டுக்கு மேலால் போனதா, கட்டின் அடியால் ஊறியதா, மலசலகூடம் எத்தனை அடி தள்ளி, கிணறு வளையம் இறக்கியதா கல்லால் கட்டியதா, மோட்டர் பூட்டியிருக்கிறதா, வீட்டில் வேலைக்கு வரக்கூடியவர் எத்தனை பேர்: இவ்வளவும் ஒரு வரியில் எழுதலாம். கிராம அலுவலரோ பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வரும்போது இந்தக் கொப்பியை நீட்டினால் குளோரின் பவுடர் அளவோடு கிடைக்கும். இல்லாவிட்டால் குத்துமதிப்பாக ஆளுக்கு ஒரு பொட்டலம்தான்.

கேட்கிற விதத்தையும் சொல்லவேண்டும். “ஒருக்கா வந்து கிணறு இறைச்சுத் தாங்கோ” என்று கேட்டால் கேட்கப்பட்டவருக்கு அது அரைநாள் வேலையா இரண்டு நாள் வேலையா என்று தெரியாது. அதனால் “பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணை, எங்கட கிணறு பத்தடி அகலம், பன்ரெண்டடி தண்ணி நிக்குது. கட்டுக்கு மேலாலை வெள்ளம் போனது. எங்களிட்டை முப்பதடி ஓஸ் இருக்கு, மிசின் இல்லை. நாளையிண்டைக்குக் காலமை ஏழு மணிக்கு மிசினை விடுவியளோ? பெற்றோல் நாங்கள் போடுறம், ரெண்டு பேர் நிப்பம்.” இதற்கு ஆம் இல்லை என்று உடனே பதில் சொல்லலாம். ஓஸ் இருக்கிறவர், கப்பி இருக்கிறவர், லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசினின் பெட்டியில் சாமான் ஏற்றித் தரக்கூடியவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். ஒருவரிடமே எல்லாவற்றையும் கேட்பதுதான் அந்த ஒருவரை ஓடவைக்கிறது.

கேட்காதவர்கள் இன்னொரு பிரச்சினை. வன்னியில் தனியே குடும்பம் நடத்தும் பெண்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்கிற முதியவர்கள், போரில் கைகால் இழந்தவர்கள் எந்த ஒழுங்கையிலும் இருப்பார்கள். “எங்களுக்கு ஏன் கரைச்சல், மற்றவைக்குச் செய்யுங்கோ” என்பதுதான் அவர்களிடமிருந்து வருகிற பதில். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் கொப்பியில் அவர்களுடைய வளவை முதலில் எழுதிவிட்டு, “அக்கா, உங்கட கிணறு செவ்வாய்க்கிழமை” என்று நாளைச் சொல்லிவிட வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள் போய்ச் சொன்னால் இன்னும் இலகு. ஆள் தர முடியாத வீடு தேத்தண்ணி தரலாம், கொப்பி எழுதலாம். கூலி என்று ஒன்றும் வாங்காமலே விடலாம். அதைப்பற்றிப் பேசாமல் விடுவது மரியாதை.

ஒழுங்கையில் எந்தக் கிணற்றில் தொடங்குவது? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஊறுகிறது என்று பார்த்து, மேட்டுப் பக்கத்துக் கிணற்றில் தொடங்கிப் பள்ளத்தை நோக்கிப் போவது முறை. குளத்துக்குக் கீழுள்ள குடியிருப்புகளில் குளக்கட்டுப் பக்கமே மேடு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒரே நேரம் மிசின் வைக்கக் கூடாது. இறைத்த சேற்றுத் தண்ணீரை வளவுக்குள்ளேயே விட்டால் அது இரவோடிரவாகத் திரும்ப உள்ளே ஊறிவிடும். நூறடி ஓஸ் போட்டு வாய்க்காலிலோ வீதியோர வடிகாலிலோ விட வேண்டும். இன்னொருவருடைய வளவைத் தாண்டி ஓஸ் போவதென்றால் முதல்நாளே கேட்டுக்கொள்வது நல்லது. ஒழுங்கையில் வருகிற சண்டைகளில் பாதி இந்த ஓஸால்தான் வருகிறது.

இனி மிசின். வன்னியில் தோட்டக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டு அங்குல வாய் கொண்ட பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மிசின். பெட்டியில் நிமிடத்துக்கு 500 லீற்றர் என்று போட்டிருந்தாலும், கிணற்று ஆழமும் சேறும் சேர்ந்தால் 300 கிடைப்பதே பெரிது. வட்டக் கிணற்றின் கணக்கு எளிது: அகலத்தை அடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். பத்தடி அகலம், பன்னிரண்டடி தண்ணீர் என்றால் 10 × 10 × 12 × 22, அதாவது 26,400 லீற்றர். நிமிடத்துக்கு 300 என்று பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம். இடையில் ஊறி வருவது, உறிஞ்சுகிற ஓஸின் அடிமுனையில் இருக்கிற புட் வால்வு அடைப்பது, சேறு எடுப்பது எல்லாம் சேர்த்து ஒரு கிணற்றுக்குக் காலை முழுவதும் என்று வைத்தால் பிழைக்காது. மணித்தியாலத்துக்குச் சுமார் ஒரு லீற்றர் பெற்றோல் போகும்.

மிசின் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை மிசினில் பிழை இருக்காது. சக்ஷன் ஓஸ் பூட்டுகிற இடத்தால் காற்று இழுக்கும். கிளிப்பை இறுக்கி, அதன் மேல் பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி இழுத்துச் சுற்றினால் நிற்கும். இரண்டாவது, புட் வால்வில் இலையோ குச்சியோ சிக்கி மூடாமல் இருப்பது. மிசினைத் தொடக்க முன் அதற்குள் ஊற்றுகிற தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும். புட் வால்வைச் சுற்றி நுளம்பு வலைத் துண்டு கட்டக்கூடாது, சேற்றில் உடனே அடைத்துவிடும். பழைய பிளாஸ்ரிக் கூடை ஒன்றுக்குள் இறக்குவது நல்லது. மூன்றாவது, ஆழம். மேலே வைத்த எந்த மிசினும் இருபது இருபத்திரண்டு அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. குதிரைவலுவைக் கூட்டினாலும் அதே கதைதான், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அமுக்கம். இந்த இடத்தில்தான் மிசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் யோசனை யாருக்காவது வரும்.

அதை ஒருநாளும் செய்யக்கூடாது. எரிபொருள் மிசின் விடுகிற புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் தலை சுற்றுகிறது என்று சொல்வதற்கு முன்பே விழுந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். கிணற்றுச் சாவுகள் இரட்டைச் சாவாக, மூன்று சாவாக வருவது இதனால்தான். விளக்குக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டும், காபனோரொட்சைட்டைக் காட்டாது. வேப்பங்கொப்பைக் கட்டி மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் காற்று மாறும். அது நல்லது, ஆனால் அதை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. மிசின் கிணற்றிலிருந்து தள்ளி, காற்றடிக்கிற திசைக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது அது ஓடவே கூடாது. பெற்றோல் ஊற்றுவதும் தள்ளித்தான். சிந்திய எரிபொருள் கிணற்றில் விழுந்தால் எந்தக் குளோரினும் அதை எடுக்காது. மேலிருந்து இழுக்க முடியாத அடித் தண்ணீரை வாளியும் கப்பியுமாக எடுக்கலாம். மின்சாரத்தில் ஓடுகிற சேற்று மோட்டர் கிடைத்தால், ட்ரிப் சுவிச் வழியாக மட்டும் இணைத்து, ஆளை வெளியே எடுத்த பிறகு போடலாம்.

இறங்குகிறவருக்குக் கயிறு நெஞ்சைச் சுற்றிக் கக்கத்துக்குக் கீழால் வர வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் மயங்கியவர் தலைகீழாகத் தொங்குவார். மேலே இரண்டு பேர் வேறு வேலை பாராமல் கயிற்றிலேயே நிற்க வேண்டும். கைபேசி பக்கத்து வளவில் இருக்கட்டும். உள்ளே இருப்பவர் இடைக்கிடை குரல் கொடுக்க வேண்டும், குரல் வராவிட்டால் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும். இறங்க முன்னம் முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்து, சுவர் முழுவதும் ஒரு சுற்றுப் பாருங்கள். வெள்ளத்தோடு வந்த பாம்பு கற்களுக்கிடையில் சுருண்டு கிடப்பது கைமின்சூளில் தெரியாது, இந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். விரிசல் எங்கே என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வன்னிக்கென்று இன்னொரு கவனம் உண்டு. 2009க்குப் பிறகு ஒழுங்காகச் சேறு எடுக்காத கிணறுகள், கைவிடப்பட்ட வளவுகளில் உள்ள கிணறுகள், வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு வந்த இடங்கள்: இவற்றின் சேற்றில் வெடிபொருள் இருக்கக்கூடும். மண்வெட்டியில் ஏதாவது இரும்பு தட்டுப்பட்டால், துருப்பிடித்த உருளையோ வால்போன்ற இறகுள்ள துண்டோ தெரிந்தால், கிண்டிப் பார்க்கவோ வாளியில் போட்டு மேலே இழுக்கவோ கூடாது. ஆளை ஏற்றி, கிணற்றை மறித்துக் கட்டி, 119 இல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்துவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகலாம். ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை.

சேறு எடுத்து முடிந்ததும் சுவர் உரஞ்சுவது. தென்னம்பொச்சோ வயர் பிரஸ்ஸோ கொண்டு, வெள்ளக்கோடு தெரிகிற இடத்துக்கு ஓரடி மேலிருந்து அடிவரை பாசியையும் சேற்றையும் உரஞ்சி, கழுவிய தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு நேரே பவுடருக்குப் போகிறார்கள். குளோரினுக்கு முதல் எதிரி கிருமி இல்லை, சேறு. இலை, பாசி, சாணம் எல்லாம் குளோரினைத் தின்றுவிடும்; கிருமிக்கு மிஞ்சாது. கலங்கல் தண்ணீரில் இரண்டு கிலோ பவுடரை அள்ளிக் கொட்டினாலும் நாளைக்குக் கிணறு மணக்கும், வயிற்றோட்டம் நிற்காது.

பவுடர் கணக்கு இப்படி. வெறுமையாக்கி உரஞ்சிய கிணறு திரும்ப ஊறித் தெளியட்டும். அப்போது நிற்கிற ஆழத்தை அளக்க வேண்டும், முதல் அளந்ததை வைத்துப் போடக் கூடாது. பத்தடி அகலம், ஆறடி தண்ணீர் என்றால் 13,200 லீற்றர், அதாவது 13 கனமீற்றர் சொச்சம். 65 முதல் 70 வீதக் குளோரின் உள்ள சாமான் என்றால் ஒரு கனமீற்றருக்கு 25 கிராம் வீதம் 330 கிராம். நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது ரீ.சி.எல். என்கிற சாதாரண வெளுக்கும் தூள். அதில் 30 முதல் 35 வீதம்தான் இருக்கும். எனவே இரட்டிப்பாக 660 கிராம். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைத் தூள்தான், ஆகவே பையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அளக்கக் கூடாது. ஈரம் பட்டுக் கட்டிபட்ட தூள், திறந்து மாதக்கணக்கில் கிடந்த தூள் வலுவிழந்திருக்கும். மூக்கைச் சுருக்க வைக்கிற காரம் இல்லையென்றால் அதை மலசலகூடத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத் தராசில் நிறுத்துப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு, பிளாஸ்ரிக் வாளி ஒன்றில் முதலில் கொஞ்சத் தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கூழ்ப்பதமாகக் கரைக்க வேண்டும். பிறகு 20 லீற்றர் வரை தண்ணீர் விட்டுத் தடியால் கலக்கி, கால்மணி நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் இருக்கிற வெள்ளை மண்டியில் இன்னொரு முறை தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய வைத்து அதையும் எடுத்துவிட்டு, மண்டியைக் குழியில் கொட்டலாம். மண்டியோடு கிணற்றில் ஊற்றுவதால்தான் கிணறு இரண்டு கிழமைக்குப் பால்போல் இருக்கிறது என்று முறைப்பாடு வருகிறது. இரும்பு வாளி அரித்துப்போகும். கலக்குகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, வெளியில் நின்று செய்ய வேண்டும். மலசலகூடம் கழுவுகிற அமிலத் திரவம் இருந்த வாளியை இதற்கு எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

தெளிவை ஒரே இடத்தில் கொட்டாமல் சுவரோரமாகச் சுற்றி ஊற்றி, கயிற்று வாளியை அடிவரை இறக்கி இறக்கித் தூக்கிக் கலக்க வேண்டும். அந்த வாளியும் கயிறும் இரவு முழுவதும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கட்டும். சுத்தமான கிணற்றைத் திரும்ப அழுக்காக்குவது பெரும்பாலும் சேற்றில் இழுபட்ட அந்தக் கயிறுதான். மோட்டரும் மேல்தாங்கியும் உள்ள வீடு என்றால், மின்காரர் மோட்டரையும் வயரையும் பார்த்துச் சரி சொன்ன பிறகு, குளோரின் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றி ஒவ்வொரு பைப்பிலும் மணம் வரும்வரை திறந்து மூட வேண்டும். பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் ஒருவரும் அள்ளக் கூடாது. கப்பியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

காலையில் மூடியைத் திறந்ததும் மணத்தைப் பாருங்கள். மணமே இல்லையென்றால் அழுக்கு முழுக் குளோரினையும் தின்றுவிட்டது, திரும்ப ஒருமுறை போடத்தான் வேண்டும். மணம் கடுமையாக இருந்தால் இறைத்து வெளியே விட வேண்டும். நாற்றுமேடையிலோ மீன் விட்ட குட்டையிலோ விடக் கூடாது. லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழ் வந்ததும் பாவிக்கலாம். பி.எச்.ஐ.யிடம் நிறம் பார்க்கிற சிறிய பெட்டி இருக்கும். ஒழுங்கை முழுவதையும் ஒரே நாளில் காட்டும்படி ஒழுங்குசெய்தால் அவருக்கும் ஒரு பயணத்தோடு முடியும். மணம் போய்விட்டது, ஆனால் அழுகின முட்டை நாற்றமோ மலநாற்றமோ திரும்ப வருகிறது என்றால் எங்கோ குழி கசிகிறது. பவுடரைக் கூட்டிப் பயனில்லை, கசிவைத் தேட வேண்டும். இரண்டு கிழமை கழித்துக் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுக்க விரும்பினால், மாதிரியைச் சோடாப் போத்தலில் எடுக்காமல், கிருமி நீக்கிய போத்தலில் எடுத்துக் குளிரில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குளோரின் செய்யாததையும் தெரிந்திருக்க வேண்டும். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் சில கிணறுகளில் இருக்கிற புளோரைட்டு, கல்படியிற கடினத்தன்மை, உப்பு எதையும் அது தொடாது. வெள்ளத்தில் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தல்கள் மிதந்து வந்து விழுந்த கிணற்றையும் அது காப்பாற்றாது. அப்படிப்பட்ட கிணற்றைக் குளிக்கவும் பாவிக்காமல் அதிகாரிகளுக்குச் சொல்வதே வழி.

கரையோரத்தில் மேலே சொன்ன இறைப்பு முறை அப்படியே பொருந்தாது. கள்ளப்பாடு, சிலாவத்தை, அளம்பில் பக்க மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. கடல் ஏறிய கிணற்றை மிசின் வைத்து ஓங்கி இறைத்தால் அடியிலிருக்கிற உப்புத்தான் மேலெழும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்யப்போய், சில இடங்களில் இறைத்ததே உப்புக் கூடக் காரணமானது. அங்கே சேற்றை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, சிறிது சிறிதாக வாளியால் அள்ளி, மிச்சத்தை மழை கழுவ விட வேண்டும். அதுவரை குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது என்று உடனே கழிவு பவுசரைக் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது தொட்டியை வெறுமையாக்கினால் அது மேலே கிளம்பும், அல்லது பக்கச்சுவர் உள்ளே விழும். நீர்மட்டம் இறங்கும்வரை அயலில் பாவிக்கக்கூடிய மலசலகூடத்தை இரண்டு மூன்று வீடு பகிர்வது தற்காலிக வழி. கழுவுவதற்கு முறை வைத்துக்கொண்டால் சண்டை வராது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்பது நம் பக்கம் சொல்கிற குறைந்தபட்சம். மணற்பாங்கில் 100 அடி இருந்தாலே நிம்மதி.

சேற்றில் நின்றவர்கள் எல்லோரும் எலிக்காய்ச்சலை நினைவில் வைக்க வேண்டும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்தது. காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் சேற்றுக்குள் இறங்காமல் மேலே கயிறு பிடிக்கட்டும். பூட்ஸ் இருந்தால் போடுங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று வேலை தொடங்க முன்னமே பி.எச்.ஐ.யைக் கேளுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் “வெள்ளச் சேத்துக்கை நிண்டனான்” என்று முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் டெங்குவுக்குத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கட்டு வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளலாம். கட்டு மூன்றடி உயரம், சுற்றிவர நாலடிக்குச் சீமெந்துத் தரை, தரைக்கு வெளிநோக்கிய சரிவு, ஒரு வடிகால். விரிசலைச் சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்ற சாந்தால் அடைக்கலாம். வளையக் கிணற்றில் மேல் பத்தடியின் பொருத்துகளை உள்ளால் பூசிவிட்டால் தரைத்தண்ணீர் வடிகட்டப்படாமல் நேரே இறங்காது. ஒழுங்கைக்கே சேர்த்துச் சீமெந்து எடுத்தால் ஏற்றுக்கூலி ஒன்றோடு போகும்.

கடைசியில் காசும் மிசினும். பெற்றோலுக்கு எல்லா வீடும் போட்டாலும், மிசின்காரரின் தேய்மானத்தை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு கிணற்றுச் சேறு இழுத்த மிசினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், பிளக் துடைக்க வேண்டும், உள்ளே இருக்கிற இறப்பர் சீல் ஒன்று தேய்ந்திருக்கும். பங்குக் காசில் இதற்கும் ஒரு தொகையை முதல்நாளே எழுதிவிட்டால் அடுத்த மாரியில் அவர் மிசினை ஒளித்து வைக்கமாட்டார். திருப்பிக் கொடுக்கும்போது பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடவிட்டு, உள்ளே நிற்கிற தண்ணீரை அடியிலுள்ள ஆணியைக் கழற்றி வடித்து, காபரேற்றரில் மிஞ்சியதை ஓடவிட்டே தீர்த்துவிட வேண்டும். புட் வால்வைக் கழற்றி உள்ளே மணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓஸை மடிக்காமல் வட்டமாகச் சுற்றி, நிழலில் தொங்கவிட வேண்டும்.

மிஞ்சிய குளோரின் பவுடரை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு, திறந்த திகதியை எழுதி, பெற்றோலுக்கும் உரத்துக்கும் பக்கத்தில் வைக்காமல் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். கொப்பியும் அங்கேயே இருக்கட்டும். அடுத்த புரட்டாசியில், மழைக்கு முன், கயிறு, கப்பி, இரண்டு கிளிப், ஒரு புட் வால்வு, ஐந்து லீற்றர் பெற்றோல் யாரிடம் இருக்கிறது என்று அதில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். பழைய பவுடர் அதற்குள் வலுவிழந்திருக்கும், கிணற்றுக்கு அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.